அந்தோணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மகன் அந்தோணிக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிறு அக்கா பிள்ளைகளோடு வந்து போனாள். நீ அனுப்பிய பணம் வந்தது. அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும்.

செல்போன் இருக்கிற காலத்தில் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். சும்மாதான். நேரத்துக்குச் சாப்பிடு. ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டே தூங்காதே.

கச்சேரி சீசன் முடிந்து நம்ம மிருதங்கக் கடை இப்போதுதான் மூச்சு விடுகிறது. மார்கழியில் ஈரக்காற்று. காலையில் சேர்த்துக் கொடுத்த சுருதி சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும், ஏசி சபாவுக்குள் போனதும் ஏறிக்கொள்ளும். இரண்டுக்கும் பேச்சு வாங்குவது நான்தான். பண்ருட்டியிலிருந்து 4 பலாக் கட்டை வந்திருக்கிறது. அதில் ஒன்று நல்ல வைரம் பாய்ந்தது, சுண்டினாலே பேசும். 22 அங்குலம். பெண் பாட்டுக்காரர்களுக்கு வாசிக்கிறானே, அந்தப் பையன் 5 கட்டை சுருதிக்குக் கேட்டிருக்கிறான். முகத்துக்குத் தோல் மூட்டு தயார். அதை இழுத்துக் கட்ட வார் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நீ இருந்தால் எதிரே உட்கார்ந்து காலை உதைத்து ஒரே மூச்சில் இழுத்துவிடுவாய். இப்போது நானே இழுத்து, நானே பிடித்து, மறுபடி இழுத்து, அரை நாள் வேலைக்கு ஒன்றரை நாள் ஆகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு நீ கம்ப்யூட்டர் தட்டுகிறாய். சொன்னால் கோபம் வரும். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்கும் முன்பே, என் மகன் புனேயில் இன்ஜினியர் என்று சொல்லிவிடுகிறேன். அதையும் தெரிந்துகொள்.

தோல் வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் உன்னைத் தனி பெஞ்சில் உட்காரவைத்த அன்றைக்குத்தான் இவன் கடைக்கு வேண்டாம் என்று உன் அம்மா முடிவெடுத்தாள். சரியான முடிவு. 2017இல் யுனெஸ்கோ நம்ம சென்னையை இசை நகரம் என்று பட்டியலில் சேர்த்தார்களே, அந்தச் செய்தியையே நான் தோல் காயவைக்க விரித்த பேப்பரில்தான் படித்தேன்.

ஹெட்செட் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் ராத்திரி போன் பண்ணினாய். அதற்கப்புறம் இல்லை. சாம்பல் புதனும் போய்விட்டது. அக்காவிடம் மெதுவாகக் கொக்கி போட்டுப் பார்த்தேன். "உங்ககிட்டதான் சொல்லிட்டானே, நீங்களும் சரின்னுட்டீங்களாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அந்தோணி, எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. எதிரே ஆள் இருந்தால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் என்ன செய்ய? அதனால்தான் இரண்டு வருஷமாகச் சரி சரி, வைக்கட்டுமா என்று வைத்துவிடுகிறேன். உன்மேல் கோபம் இல்லை. இடது முகம், தொப்பிப் பக்கம், மடியில் அதிர்வதால் பிடிபடுகிறது. வலது முகத்தில், வலந்தலையில்தான், அதுவும் ஓரத் தோலைத் தட்டும் மீட்டில், ஏமாறுகிறேன். வார் கோத்த 16 கண்ணும் ஒன்றாகப் பேசுகிறதா என்று கல்லும் மரப் புள்ளும் எடுத்துத் தட்டினால் எனக்கு எல்லாமே ஒன்றாகத்தான் பேசுகிறது! கதவை ஒருக்களித்துவிட்டு, அக்கா மகள் செல்போனில் போட்டுக் கொடுத்த சுருதி பார்க்கிற ஆப்பில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். வித்வான்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த மார்கழிக்கு யார் வருவார்?

போன மே மாதம் நீ வலந்தலை நடுவில் அந்தக் கறுப்பு வட்டம், கரணை, போட்டாயே. கிட்டான் கல்லை இடித்து, துணியில் சலித்து, சோற்றோடு பிசைந்து, ஒரு ஈடு வைத்துத் தேய்த்துக் காய்ந்ததும் அடுத்த ஈடு என்று ராத்திரி 11 மணிவரை குனிந்த தலை நிமிரவில்லை. மறுநாள் நான் தட்டிப் பார்த்து, செத்துக் கிடக்கிறது என்று உன் கண்ணெதிரே உடைத்துச் சுரண்டினேன். நீ ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டினாய். அன்று காலை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது அந்த 5 கட்டைப் பையன் வந்து அதைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து வந்து, "மணி மாதிரி பேசுச்சே, அந்த மூட்டு எங்கே?" என்று கேட்டான். எலி கடித்துவிட்டது என்றேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி போனில் ரொம்ப நேரம் பேசினாய். கடைசியில் எதையோ கேட்கிற மாதிரி குரலை ஏற்றி நிறுத்தினாய். பின்னால் யாரோ ஒரு பெண் பேசின மாதிரியும் இருந்தது, டிவியாகவும் இருக்கலாம். நான் சரிப்பா என்றேன். எதற்குச் சரி என்றேன்? கல்யாணமா, வெளிநாடா, கடையை மூடச் சொன்னாயா? எதுவானாலும் எழுது. போன் வேண்டாம். அக்காவுக்கு இப்போதைக்கு என் காதைப் பற்றித் தெரிய வேண்டாம். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பொடி எழுத்தில் எழுதினாலும் படித்துவிடுவேன்.

அப்பா