பழைய பீல்ட்புக்குகளைத் திறந்து காட்டுங்கள்: திருகோணமலை மூத்த சேவயர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

வணக்கம். உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஆறு பேர் கூடிப் படிக்கிறோம். உத்தரவு பெற்ற நில அளவையாளராகப் பதிவதற்கான பரீட்சைதான் எங்கள் இலக்கு. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு எடுத்து, வருடா வருடம் அனுமதியையும் புதுப்பித்தால்தான் ஒரு காணிப் படத்தில் எங்கள் பெயரில் கையெழுத்து வைக்கலாம். அதுவரை அளப்பது நாங்கள், கையெழுத்து உங்களுடையது. அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்களிடம் கேட்க வந்தது வேறு ஒன்று: உங்கள் பழைய பீல்ட்புக்குகள், அதாவது காணியில் நின்று அளக்கும்போதே அளவுகளைக் குறித்து வைத்த புத்தகங்கள்.

கணக்கு எங்களுக்கு வரும். ஐந்து முனை டிராவர்ஸ், அதாவது முனைக்கு முனை கோணமும் தூரமும் அளந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் அளவை என்றால், உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 பாகை என்பதும், மிஞ்சுகிற செக்கன்களை எப்படிப் பங்கிடுவது என்பதும் நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். 30 மீற்றர் இரும்பு நாடா 20 பாகை வெப்பத்தில் சரி பார்க்கப்பட்டதென்றால், நிலாவெளி மணலில் அது 45 பாகைக்குச் சூடேறும்போது எட்டு மில்லிமீற்றருக்கு மேல் நீளும் என்பதும் தெரியும். இடங்களை எண்ணால் குறிக்கும் பழைய ஆள்கூற்று முறையில் பிதுருதலாகலை மலைக்கு இரண்டு இலட்சம் மீற்றர், எஸ்எல்டி 99 என்கிற புதிய முறையில் அதே மலைக்கு ஐந்து இலட்சம். மூன்று இலட்சத்தைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவன் சில மீற்றரில் மாட்டுவான் என்பதையும் படித்துவிட்டோம். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நாட்டு அளவைக்கு அடிப்படையாக முதலில் அளந்த கந்தவல அடிக்கோடும் வவுணதீவு அடிக்கோடும் கூடப் பாடத்தில் வருகிறது. வவுணதீவு இங்கேயிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான், ஆனால் எங்களில் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. அது எங்கள் சோம்பல், உங்களை அதில் இழுக்கவில்லை.

புத்தகத்தில் இல்லாதது ஒன்று போன கச்சான் காலத்தில் எங்கள் கையில் சிக்கியது. அதைச் சொன்னால்தான் இந்த மடல் எதற்கென்று விளங்கும்.

நிலாவெளியில் கடலோரம் ஒரு தென்னங்காணி. உறுதியில் ஒரு றூட் பன்னிரண்டரை பேர்ச்; றூட் ஒன்றுக்கு 40 பேர்ச், ஆக 52.5 பேர்ச். கிழக்கெல்லை என்று எழுதியிருப்பது ஒரே சொல்: கடற்கரை. நான் வேலை செய்யும் இடத்திலிருந்து நானும் இன்னொரு தம்பியும் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு போனோம். கச்சான் காற்றில் முக்காலி ஆடுகிறது, மணலுக்கு மேல் கானல் ஓடுகிறது, எதிர்முனையில் கருவிக்குக் குறியாகப் பிரிசத்தைப் பிடித்தவனின் தலை இரண்டாகத் தெரிகிறது. எப்படியோ அளந்து முடித்து, நிழலில் இருந்து பரப்பைப் போட்டால் 47 பேர்ச். ஐந்தரை பேர்ச்சைக் காணவில்லை. ஏறத்தாழ 139 சதுர மீற்றர், ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு.

நாங்கள் படித்தவர்கள் இல்லையா, உடனே விடை கிடைத்துவிட்டது. கிழக்கு கடல், கடல் கரையைத் தின்றுவிட்டது. குறிப்பில் எழுதவும் தொடங்கிவிட்டேன்.

எங்களோடு வந்திருந்த உதவியாள் ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். சங்கிலி இழுத்த காலத்திலிருந்து இந்த வேலையில் நிற்பவர். ஓலைத் தொப்பியை முழங்காலில் போட்டுக்கொண்டு, "பிள்ளை, கல்லைத் தேடுறது கணக்கிலயா, மண்ணிலயா?" என்று கேட்டார். மேற்கு வேலியைக் காட்டி, இது சுனாமிக்குப் பிறகு போட்ட வேலி, கதியாலைப் பார்த்தாலே வயசு தெரியும் என்றார். இந்தக் காணியை முதலில் அளந்த சேவயரிடம் தான் வேலை பார்த்ததாகவும், அவர் எந்த எல்லைக் கல்லையும் கிணற்றிலிருந்தோ கோயிலிலிருந்தோ எவ்வளவு தூரம் என்று எழுதாமல் விடமாட்டார் என்றும் சொன்னார். அந்தச் சேவயர் இப்போது இல்லை. மகன் நகரத்தில் இருக்கிறார்.

அடுத்த நாள் மகன் வீட்டுக்குப் போனோம். நல்ல மனுசன், தேத்தண்ணி தந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தார். மேலே இருந்த இரண்டு புத்தகம் கறையான் தின்று, தூக்கியதும் மாவாகக் கொட்டியது. அதற்குக் கீழே இருந்ததில் எங்கள் காணி இருந்தது. பென்சிலில் எழுதிய எண்கள், இடது பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் 'கிணறு', அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் மேல் 14. பதினான்கு லிங்க், அந்தக் காலச் சங்கிலி அளவு, இரண்டு மீற்றர் எண்பத்திரண்டு சென்ரிமீற்றர். எங்களிடம் இருந்த படப் பிரதியில் எல்லைக் கோடுகளும் பரப்பும் மட்டும்தான். கிணறும் இல்லை, பதினான்கும் இல்லை.

கிணறு அங்கேயேதான் இருந்தது, வேலிக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கம். நாடாவைப் பிடித்து அளந்த இடத்தில் ஐயா அலவாங்கை இறக்கினார். மணல், மணல், பிறகு 'டக்'. மண்வெட்டியால் இரண்டடி தோண்டியதும் கல்லின் தலை தெரிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுவந்து கொட்டிய மணல் அதை மூடியிருக்கிறது. திரும்பி வந்தவர்கள் கல்லைக் காணாமல் ஒரு மதிப்புக்கு வேலியைப் போட்டிருக்கிறார்கள், பதினைந்தடி உள்ளே தள்ளி. கடல் ஒன்றையும் தின்னவில்லை. நான் எழுதத் தொடங்கிய குறிப்பு அப்படியே படத்தில் போயிருந்தால், பழி கடலுக்கும் காணி ஒழுங்கைக்கும் போயிருக்கும்.

ஐயாமாரே, எங்கள் கோரிக்கை இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் பீல்ட்புக்குகளை எங்களுக்குத் திறந்து காட்டுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கவில்லை. உங்கள் மேசையில், உங்கள் கண் முன்னால், நாங்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, கிராமசேவகர் பிரிவு வாரியாக ஒழுங்குபடுத்தி உங்களிடமே ஒரு பிரதி தருகிறோம். குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று சுனாமி கல்லை மூடிய கரை ஒரு பக்கம். சம்பூர் இன்னொரு பக்கம்: 2006இல் சனம் எழும்பிப் போய், 2015 தொடக்கம் திரும்பி வந்தபோது வேலி இருந்த இடத்தில் பற்றைக்காடு. இந்த மாவட்டத்தில் எத்தனை எல்லை இன்று மனுசர் ஞாபகத்திலும் உங்கள் பென்சில் எழுத்திலும் மட்டும் இருக்கிறது என்பது எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, அளக்கப் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். மாதம் ஒரு நாள் போதும். கூலி வேண்டாம், முக்காலியைத் தூக்குகிறோம். முக்கியமாகப் பிரிவினை வழக்கு ஆணைகளுக்கு, அதாவது கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்க நீதிமன்றம் சேவயருக்குத் தரும் வேலைகளுக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தை நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம், காணியில் பறையடித்து அறிவிப்பது உட்பட. ஆனால் அண்ணன் தம்பி நாலு பேர் நாலு மூலையில் நின்று நாலு எல்லையைக் காட்டும்போது சேவயர் எந்த முகத்தோடு நிற்க வேண்டும், யார் சொன்னதை எந்த வார்த்தையில் அறிக்கையில் எழுத வேண்டும் என்பதை எந்த வினாத்தாளும் கற்றுத் தராது. அது போலத்தான் இடம்பெயர்ந்தோருக்காக வந்த ஆட்சியுரிமை பற்றிய, அதாவது பத்து வருடம் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோருவது பற்றிய, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும். போர்க்காலத்தில் தன் காணிக்குள் வர முடியாமல் இருந்தவருக்கு எதிராகப் பத்து வருட ஆட்சிக் கணக்கைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று அது சொன்னது, சரி. பத்து வருடம் அந்தக் காணியில் பயிர் செய்த மனுசனும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கல்லைப் போடுவது எப்படி?

உங்கள் பக்கத்து நியாயமும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மூத்தவரிடம் பழைய அளவை ஒன்றைப் பார்க்கக் கேட்டபோது, "இண்டைக்குச் சொல்லித் தந்தா நாளைக்கு என்ர வேலைக்கே போட்டியா வருவீங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பகிடி பாதி, பயம் பாதி. வருவோம்தான், பொய் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் உங்கள் கல்லைப் பிடிக்கத் தெரியாமல் புதிதாக ஒரு கல்லைப் போட்டால், பக்கத்துக் காணிக்காரர் நீதிமன்றத்தில் முதலில் இழுப்பது உங்கள் பழைய படத்தைத்தான். உங்களோடு முரண்படுகிற போட்டியை விட, உங்கள் கல்லிலிருந்தே தொடங்குகிற போட்டி நல்லதில்லையா? கட்சிக்காரரின் இரகசியம் என்று யோசிப்பவர்கள் பெயர் இருக்கும் பக்கங்களை மூடிவைத்துக் காட்டலாம். எங்களுக்குப் பெயர் வேண்டாம், கிணறும் பதினான்கும் போதும்.

பெண்பிள்ளைகள் பற்றி ஒரு சொல். ஆறு பேரில் நாங்கள் இரண்டு பேர். "பிள்ளை வெயிலுக்குள்ள நிப்பீங்களா" என்று அக்கறையாகக் கேட்டு அலுவலகத்தில் படம் கீறவே வைத்துவிடுகிறீர்கள். நிலாவெளியில் நின்றோம், ஒன்றும் ஆகவில்லை, மூக்கு மட்டும் கறுத்தது.

இன்னும் ஒன்று: சொற்கள். நாங்கள் படித்தது ஆங்கிலத்தில், எழுதப்போவதும் ஆங்கிலத்தில். ஆனால் நாங்கள் வாசிக்க வேண்டிய உறுதிகள் தமிழில், அதுவும் அறுபது எழுபது வருடத்துத் தமிழில். 'கட்டுப்பூவல்', 'கைவாய்க்கால்', 'இன்னாரின் மேட்டுக்காணி' என்றெல்லாம் எல்லை எழுதியிருக்கும். இவற்றில் பாதிக்கு எங்களுக்கு அர்த்தமே தெரியாது. ஒரு பின்னேரம் வந்து இருந்து, இந்தச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாலும் எழுதி வைத்துக்கொள்வோம்.

மாரி தொடங்கினால் மூதூர்ப் பக்கம் பாதிக் காணிக்குள் கால் வைக்க முடியாது. அதற்கு முன் இரண்டு மூன்று பேராவது சரியென்று சொன்னால், இந்த மாதமே தொடங்கிவிடலாம். சனிக்கிழமை நாலரை மணி, உப்புவெளி, எங்கே என்று கேட்டால் அந்த உதவியாள் ஐயா காட்டுவார், உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். வர நேரமில்லை என்றால் நாங்களே வருகிறோம். ஸ்கானர் எங்களுடையது, வெள்ளைத் துணி எங்களுடையது, பெட்டிக்குக் கறையான் மருந்தும் நாங்களே அடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
விறாந்தையில் படிக்கும் ஆறு பேர் சார்பில் ஒருத்தி
உப்புவெளி, திருகோணமலை