தஃப்தரில் என் அத்தாவின் கைநாட்டு வேண்டும்

கண்ணியத்திற்குரிய பள்ளிவாசல் முத்தவல்லி அவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் நிக்காஹ்வில் நடந்ததை நீங்கள் எல்லோரும் சபையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். பெண்ணுக்கு வலீ, அதாவது பொறுப்பாளர் என்ற முறையில் அத்தா தஃப்தர் என்ற நிக்காஹ் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்தார். மை இருக்கிறதா என்று மெதுவாகத்தான் கேட்டார். "கைநாட்டா? பக்கம் அசிங்கமாயிடும், படிச்சவங்க யாராவது போடுங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அத்தா எழுந்து போய் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டார். மகள் கல்யாணச் சோற்றை அவர் சாப்பிடவில்லை.

அந்தக் கட்டைவிரல் நாற்பது வருடம் சந்தூர், போச்சம்பள்ளித் தோப்புகளில் மாங்காய் பறித்தது. காம்பு ஒடியும்போது பீய்ச்சும் பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, ரேகை பாதி அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அதை லேசில் ஏற்காது. சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைப்பார், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அங்கெல்லாம் தலைகுனிந்து பழகிவிட்டார். பள்ளிவாசலிலும் குனிய வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

இதே மைக்கில்தான் நபி பிறந்த ரபீஉல் அவ்வல் மாதம் முழுக்க 'உம்மி நபி' என்று பயான் செய்தோம். உம்மு என்றால் தாய். தாய் பெற்றபடியே, எழுத்துப் படிக்காதவர் என்று பொருள் சொன்னார் ஹஜ்ரத். முன்பு வேதம் அருளப்படாத சமூகத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆனால் குர்ஆனின் 29ஆவது சூராவின் 48ஆவது ஆயத் (வசனம்) நபியிடம் நேராகவே பேசுகிறது: இதற்கு முன் நீர் எந்த வேதத்தையும் ஓதியதில்லை, உம் வலக்கையால் எழுதியதுமில்லை, அப்படி இருந்திருந்தால் பொய்யர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். எழுதத் தெரியாததை அல்லாஹ் ஒரு குறையாகச் சொல்லவில்லை, சாட்சியாகச் சொல்கிறான்.

ஹுதைபிய்யாவில் மக்கா குறைஷிகளோடு செய்த சமாதான ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6. ஒப்பந்தத்தில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக் கூடாது என்றார்கள் குறைஷிகள். எழுதிய அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. அந்தச் சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டு, நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அழித்தார்கள். எங்கே என்று கேட்டதற்காக அந்தச் சபையில் யாரும் அவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்ர் போரில் பிடிபட்டவர்களில், மீட்புப் பணம் இல்லாத, எழுதத் தெரிந்தவர்களிடம் மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள் நம் நபி. நம் மதரஸா கட்டடம் இஷா தொழுகைக்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. அத்தாவைப் போன்ற கூலிக்காரர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்! சந்தா வாங்கத் தெரிகிறது, ராத்திரியில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க ஒருவரை வைக்க இத்தனை வருடத்தில் தோன்றவில்லையே. கைநாட்டு என்று கேலி பேச மட்டும் மைக் கிடைக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் என் அத்தாவின் கைநாட்டு வேண்டும். வலீயாக இருக்கக் கையெழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த மத்ஹபின் சட்டத்திலும் நிபந்தனை இல்லை, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்தப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் வைக்க இடம் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் அத்தாவைக் கூட்டி வருகிறேன். தயவுசெய்து தஃப்தரை எடுத்து வையுங்கள். மை நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அண்ணன்,
கிருஷ்ணகிரி