அழித்த பக்கம்

அன்புள்ள அம்மாடி,

மூன்று கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. சரி, வேலை இருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

நீ கடைசியாக அனுப்பிய ஹப்பிள் படத்தை, அதுதான் அந்த என்.ஜி.சி. 5866 என்கிற வில்லை வடிவ விண்மீன் மண்டலம், மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். விளிம்பை நம் பக்கம் காட்டி நிற்கிறது. குறுக்கே தூசுப் பட்டை, மையில் கோடு இழுத்த மாதிரி. அந்தக் கோடு வட்டோடு ஒட்டாமல் லேசாகக் கோணியிருப்பதை நேற்றுதான் கவனித்தேன். எப்போதோ வேறொரு மண்டலம் பக்கத்தில் வந்து போயிருக்கலாம் என்கிறார்கள். 4 கோடி ஒளியாண்டுக்கும் மேல் அப்பால் நடந்ததற்குக்கூட இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது.

வில்லை வடிவ மண்டலத்துக்கு வட்டு உண்டு, சுருள் கைகள் கிடையாது, புது நட்சத்திரம் பிறப்பது அநேகமாக நின்றிருக்கும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். வாயுவைத் தானே தீர்த்துக்கொண்டவையும் உண்டு, மண்டலங்களின் பெரிய கூட்டத்துக்குள் போய்ப் பறிகொடுத்தவையும் உண்டு என்றாய். எட்டு மாதமாக நீ வானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கண் முழிக்காதே. உன் கட்டுரையை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன், புரியாவிட்டாலும். பெரியம்மாவுக்காவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

வானத்து மங்கல் பொருள்களுக்கு மெசியே போட்ட பட்டியலின் 102-ஆம் எண் கதை ஞாபகம் இருக்கிறதா? 1781-இல் அச்சான பட்டியலில் அது அவருடைய சகா மெஷான் கண்ட பொருள். 101-ஆம் எண்ணையே திரும்பவும் பார்த்துவிட்டதாக 1783-இல் மெஷானே கடிதம் எழுதி ஒத்துக்கொண்டார். இல்லை, அவர் பார்த்தது இந்த 5866-தான் என்று வாதாடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்களாம். இரண்டே வருஷத்தில் எழுதிவிட்டார் மனிதர்.

பன்னிரண்டு வயதில் அந்தச் சின்ன டெலஸ்கோப்பில் பார்த்து, நோட்டில் பென்சிலைத் தேய்த்து வரைந்தாயே, இரு முனையும் கூராக நீளமாய் ஒரு மங்கல். லென்ஸில் அழுக்கு, இல்லாததை வரையாதே என்றேன். அழித்தாய். நான் எழுந்துவந்து ஒரு தரம் கண்ணை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவே இல்லை. அப்புறம் மற்றவர்கள் எடுத்த படமாகத்தான் எனக்குக் காட்டுகிறாய். நீ பார்த்ததைக் காட்டியதே இல்லை.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் பென்சில் அழுந்திய தடம் தெரிகிறது. அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? அதற்காவது ஒரு வரி எழுது.

அப்பா