வரம்பில் சாய்பவரை வெயில் மட்டும் சாய்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக வேளாண்மையில் கபிலநிறத் தத்தி என்னும் நெற்பூச்சி தலைகாட்டியதும், மட்டக்களப்பில் எங்கள் படுவான்கரை வயல் வட்டைகளில் மருந்தடிப்பவர்களுள் யாரேனும் ஒருவர் வியர்த்துக் கொட்டி வரம்பில் சாய்வதும், வெயிலின் வேலை என்று சொல்லி அவருக்கு இளநீர் கொடுத்து மரநிழலில் கிடத்துவதும் நான் பல ஆண்டுகளாகக் கண்டுவருபவை. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த மயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. நரம்பின் முனையிலிருந்து வெளிவரும் அசற்றைல்கோலின் என்னும் பொருள், நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியைக் கடந்து, எதிரேயுள்ள கலத்தின் மென்சவ்வில் வாங்கி எனப்படும் புரதத்தோடு பொருந்தும்போதுதான் அக்கலத்துக்குச் செய்தி எட்டுகிறது. 1921 இல் ஒட்டோ லோவி, ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளர்த்தி, அவ்விதயம் கிடந்த உப்புக் கரைசலை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் தளர்ந்தது.

ஒரே பொருளை எல்லாக் கலங்களும் ஒரே விதமாக எடுத்துக்கொள்வதில்லை. எலும்புத் தசையின் வாங்கி தானே ஒரு வாயிலாகத் திறந்து சோடியம் அயன்களை உள்ளே விட, தசை சுருங்குகிறது. இதயத்திலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் உள்ள வாங்கி வேறு வகை; அது கலத்தின் உட்புறமுள்ள, செய்தியை உள்ளே கடத்தும் ஜீ புரதத்தைத் தூண்ட, இதயத்தில் துடிப்புக் குறைகிறது, சுரப்பியில் உமிழ்நீர் பெருகுகிறது. மாணவர்கள் இதைப் பரீட்சைக்காக மனனம் செய்வார்கள். அவர்களுடைய தந்தையர் முதுகில் சுமந்து வயலுக்குப் போவதும் இதே பாடத்தைத்தான் என்று நானும் நெடுங்காலம் சொல்லத் தவறிவிட்டேன்.

வந்த செய்தி உடனே அழிக்கப்படவும் வேண்டும். அதற்கென இடைவெளியில் ஒரு நொதியம் இருந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. சேதனப் பொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் முடக்குவது இந்த நொதியத்தையே. பூச்சி சாவது அதனால்தான்; நமது உடலிலும் அத்தகைய நொதியமே வேலை செய்வதால் நமக்கும் ஆபத்து. அழிபடாத அசற்றைல்கோலின் வாங்கிகளை விடாமல் தூண்ட, எச்சிலும் கண்ணீரும் வடிகின்றன, வயிறு புரட்டுகிறது, மூச்சுக்குழாய் சளியால் அடைபடுகிறது, கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்குகிறது, தசைகள் முதலில் துடித்துப் பின்னர் சோர்கின்றன. வியர்வைக்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். நிழலில் கிடத்திய பின்னும் கண்மணி சுருங்கியே இருப்பதற்கும் எச்சில் வடிவதற்கும் அதைக் காரணம் சொல்ல முடியாது.

இதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அத்திரோப்பீன் என்னும் மருந்து நஞ்சை வெளியேற்றுவதில்லை. சுரப்பியிலும் இதயத்திலும் உள்ள வாங்கிகளைத் தான் பற்றிக்கொண்டு அசற்றைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கிறது. எலும்புத் தசையின் வாங்கியில் அதற்கு வேலையில்லை. ஆகவே மூச்சுத் தசைகள் சோர்ந்தவருக்குச் செயற்கைச் சுவாசமும் தேவைப்படும். ஊமத்தையிலும் அத்திரோப்பீன் உண்டாமே, அரைத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவரும் உண்டு. கூடவே கூடாது, ஊமத்தையே நஞ்சு, எந்தக் காயில் எவ்வளவு என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது.

1995 இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் போன்ற கொடிய மருந்துகள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன என்றாலும், இதே வழியில் கொல்லும் மருந்துகள் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. எனவே தங்கள் பத்திரிகையில் மருந்தின் அளவு பற்றி எழுதும் போதெல்லாம், மேற்சொன்ன அறிகுறிகளையும், நஞ்சு தோலினூடாகவும் உட்செல்வதால் நனைந்த சாரத்தையும் சட்டையையும் உடனே களைந்து சவர்க்காரமிட்டு உடலைக் கழுவ வேண்டும் என்பதையும், சேதனப் பொசுபேற்று, காபமேற்று என்ற இரண்டு வகை நஞ்சுக்கும் சிகிச்சை முழுவதும் ஒன்றல்ல என்பதால் போத்தலின் லேபலை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கொக்கட்டிச்சோலை.