மலைச் சந்தை நகரிலேயே கிடங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளைபொருளைக் கைபேசி வழியாகவே விற்கும் காலம் வந்துவிட்டதால் மலைப்பகுதிகளின் சிறிய சந்தை நகரங்களுக்கு இனி வேலை இல்லை என்று வேளாண்மை பற்றிய விவாதங்களில் சிலர் கூறிவருகிறார்கள். மலை நிலத்தின் இயல்பைக் கணக்கில் கொள்ளாத கருத்து இது என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே ஒரே சரிவில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே பயிர் ஒரே வாரத்தில் முற்றுவதில்லை. ஓர் ஊரில் மிகுந்திருப்பது மற்றோர் ஊரில் இன்னும் விளைந்திருக்காது. 1933-ல் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்த ஜெர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர், சமவெளியில் சுற்றுப்புறத்துக்குச் சந்தையாக விளங்கும் மைய ஊர்கள் அறுகோண வடிவில் சீராகப் பரவி அமையும் என்று விளக்கினார். மலையில் அந்தச் சீர்மைக்கு இடமில்லை. பள்ளத்தாக்குகளின் பாதைகள் கூடும் இடத்தில்தான் சந்தை உருவாகிறது. அதை விட்டால் அடுத்த சந்தைக்குப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

மலை விவசாயியின் நிலம் பெரும்பாலும் சிறியது. அவரிடம் தேறும் நான்கைந்து மூட்டைகளுக்காக எந்த லாரியும் சரிவேறி வராது. நூறு பேருடைய மூட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்து ஒரு லாரிச் சுமையாக மாறுவது சந்தை நகரில்தான். அங்கே பல வியாபாரிகள் ஏலம் கேட்பதால் கிடைக்கும் விலையை, வயலோரத்தில் தனியாக வந்து நிற்கும் ஒரு வியாபாரி கொடுக்கமாட்டார். விற்ற கையோடு விவசாயி விதை வாங்குகிறார், கடனில் ஒரு பகுதியைக் கட்டுகிறார், பக்கத்துப் பள்ளத்தாக்கில் பயிரை எந்த நோய் தாக்கியிருக்கிறது என்பதையும் கேட்டறிந்து திரும்புகிறார்.

முன்பணம் கொடுத்த தரகரிடமே சரக்கைப் போட வேண்டிய கட்டாயமும், எடையில் கழிக்கும் வழக்கமும் சந்தைகளில் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை திருத்தப்பட வேண்டிய குறைகளே.

அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடையை அடையும் முன்பே, உலக உணவில் சுமார் 14 விழுக்காடு வீணாகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2019-ல் மதிப்பிட்டது. ஒரு மண்சரிவு சாலையை இரண்டு நாள் அடைத்தால்கூடக் கீரையும் காய்கறியும் சந்தையிலேயே வாடிப்போகும். அடிவாரத்தில் கட்டப்படும் குளிர்பதனக் கிடங்கு இதற்குத் தீர்வாகாது. சரக்கு அங்கே போய்ச் சேர்வதற்குள் விவசாயியின் கையைவிட்டுப் போயிருக்கும், விலை ஏறும்வரை காத்திருக்கும் வாய்ப்பு வியாபாரிக்கே கிடைக்கும். எனவே சிறிய அளவிலேனும் கிடங்கு மேலே, சந்தை நகரிலேயே அமைய வேண்டும். அதனுடன் முத்திரையிட்ட எடைமேடையும், மழையில் நனையாமல் தரம் பிரிக்கக் கூரையிட்ட களமும், விடியற்காலை ஏலத்துக்காக முந்தின இரவே வந்துசேரும் பெண்கள் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடமும் அமைத்துத் தருமாறு திட்டமிடுவோரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்