குதிரைக்குட்டிக்கும் தமிழ் வகுப்பில் இடம் கொடுங்கள்: மொரீசியஸ் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியசில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கும் அறிஞர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

போர்ட் லூயியில் உள்ள ஷான் தெ மார்ஸ் பந்தயத் திடலில் ஓடும் குதிரைகளை 31 ஆண்டுகள் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். இத்தொழிலுக்கு இங்கே வழங்கும் பெயர் 'பால்ஃப்ரெனியே'. என் தந்தையார் மட்டும் கடைசிவரை 'குதிரைக்காரன்' என்றே சொல்லி வந்தார். என் பேத்தியின் கட்டுரை ஒன்று திரும்பி வந்ததால் இம்மடலை எழுதுகிறேன். ஆனாலும் இது ஒரு பிள்ளையின் மதிப்பெண் பற்றிய முறையீடு அன்று.

சென்ற தவணையில் அவளுடைய மாலைத் தமிழ் வகுப்பில் 'என் பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, 'தி சிம்ஸ் 4' என்னும் வாழ்க்கைப் பாவனை விளையாட்டில் தான் நடத்திவரும் குதிரைப் பண்ணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அவள் அதைப் பிரெஞ்சு மொழியில் விளையாடுகிறாள். ஆகவே பெட்டைக் குதிரை என்று வரவேண்டிய இடத்தில் 'ஜுமான்' என்றும், குட்டி என்று வரவேண்டிய இடத்தில் 'புலேன்' என்றும், லாயத்தை 'எக்குரி' என்றும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். கணினி விளையாட்டு கட்டுரைக்கு உரிய பொருள் அன்று, பசுவைப் பற்றி எழுதி வா என்று தாள் திரும்பியது. அவளும் எழுதினாள். ஆறே வரி. பசுவை அவள் அருகில் நின்று பார்த்ததே இல்லை.

அந்த ஆசிரியர் மீது எனக்கு வருத்தம் இல்லை. வகுப்புக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் இரண்டு பக்கம் எழுதத் துடித்த கை ஆறு வரியில் நின்றுபோனதை நீங்கள் அனைவரும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டில் அவள் என்ன செய்கிறாள் என்பதை நான் பல மாலைகள் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். மூல விளையாட்டோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் 'ஹார்ஸ் ராஞ்ச்' என்ற விரிவாக்கம் 2023 ஜூலை 20 அன்று வெளிவந்தது. அதில் 'செஸ்ட்நட் ரிட்ஜ்' என்று, அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியின் சாயலில், செம்மண்ணும் பாறையுமாக ஓர் ஊர் உண்டு. அங்கே குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், தீனி போட வேண்டும், சாணம் அள்ள வேண்டும். சுறுசுறுப்பு, தாங்குதிறன், தாண்டுதல், குணப்பக்குவம் என்ற நான்கு திறன்களிலும் குதிரையைப் பழக்க வேண்டும். ஏறுகிறவரும் குதிரையேற்றத்தைத் தனியாகக் கற்றாக வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி இயல்பு உண்டு. ஒன்று அஞ்சும், ஒன்று முரண்டுபிடிக்கும், ஒன்று மனிதரை விட்டு அகலாது. நான் பார்த்த வேலைக்கும் அவள் பார்க்கும் வேலைக்கும் முதுகுவலி ஒன்றுதான் பெரிய வேறுபாடு என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் தீவில் ஓடும் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவை. கடல் கடந்து வந்து, தொற்றுத்தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்து, அதன்பிறகே எங்கள் லாயத்துக்குள் காலடி வைக்கும். என் கைக்கு வந்தவை எல்லாம் வளர்ந்த குதிரைகள். ஷான் தெ மார்ஸில் பந்தயம் தொடங்கியது 1812-இல். அத்தனை நீண்ட மரபுள்ள திடலின் நிழலில் என் வாழ்நாளைக் கழித்த நான், ஒரு குதிரை ஈன்றதைக் கண்ணால் கண்டதில்லை. முதன்முதலில் ஒரு தாய்க்குதிரையின் பக்கத்தில் அதன் புதுக்குட்டி நிற்பதை நான் பார்த்தது என் பேத்தியின் திரையில்தான். அன்று என் கண் கலங்கியது. அவள் காரணம் கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அந்த உரையாடல்தான் அந்தக் கட்டுரையாயிற்று.

விளையாட்டில் சில நாட்களிலேயே குட்டி பிறந்துவிடுகிறது. உண்மையில் குதிரை ஏறத்தாழ 340 நாள், அதாவது பதினொரு மாதம், சினையாக இருக்கும் என்று சொன்னபோது அவள் வியந்தாள். ஈனும் காலம் நெருங்கும்போது மடி சுரந்து, காம்பு நுனியில் மெழுகு போலத் துளி திரளும். பெரும்பாலும் இரவின் அமைதியில்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது எங்கள் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்த முதற்பால் மிக முக்கியம். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோயெதிர்ப்பாற்றலில் ஒரு பங்கைப் பெற்றுவிடுகிறது. குதிரைக்குட்டிக்கு அது நஞ்சுக்கொடி வழியாகக் கிடைப்பதில்லை, முதல் நாளுக்குள் அது குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. 'சீம்பால்' என்ற சொல்லை அன்றுதான் அவள் முதன்முறை கேட்டாள். பிரெஞ்சில் அதற்கு என்ன சொல் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு பொருளைத் தமிழில் முதலில் அறிந்துகொண்ட மகிழ்ச்சியை அவள் முகத்தில் நான் கண்டது அதுவே முதல் தடவை.

சினை, ஈனுதல், மடி, சீம்பால், பால் மறக்கடித்தல், குளம்பு, லாடம், பிடரி, கடிவாளம், சேணம், அங்கவடி, கனைத்தல், நாலுகால் பாய்ச்சல், கொள்ளு. இவை எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்கள். புதிதாக ஒன்றையும் ஆக்க வேண்டியதில்லை. கடல் வழியே வந்திறங்கிய புரவிகளைச் சங்கப் பாட்டிலேயே பாடிய மொழி இது. இச்சொற்களைப் பயன்படுத்த ஒரு வேலை மட்டும் நம் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்தது. அந்த வேலையை இப்போது ஒரு விளையாட்டு கொடுத்திருக்கிறது.

அவளுடைய பண்ணையில் எனக்கு மிகவும் பிடித்தது அவள் கையால் எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு. அந்த விளையாட்டில் ஒரு வீட்டுக்கு மனிதரும் குதிரையும் சேர்ந்து எட்டு உயிர்தான் இருக்க முடியும். இருவர் வாழும் பண்ணையில் ஆறு குதிரைக்கு மேல் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு குட்டி பிறக்கும்போதும் எதை வைத்துக்கொள்வது, எதை வேறு வீட்டுக்கு அனுப்புவது என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். அழுதுகொண்டே அனுப்பிய குதிரைகளும் உண்டு. அந்த முடிவை எடுப்பதற்காகவே தாய் யார், தந்தை யார், நிறம் என்ன, எந்தத் திறன் ஓங்கியது, எந்தப் போட்டியில் என்ன இடம் என்று ஆறு தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறாள். உலகெங்கும் குதிரை வளர்ப்போர் செய்வதும் இதைத்தான். இங்கிலாந்தில் 1791-இல் தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்துக்கு முதல் வம்சாவளிப் பதிவேடு அச்சானது. இன்று ஓடும் தரோபிரெட் எதுவானாலும் அதன் தந்தைவழி பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில் சென்று முடிகிறது. நான் கழுவித் துடைத்த ஒவ்வொரு குதிரைக்கும் அத்தகைய பதிவு இருந்தது. பேத்தியின் குறிப்பேடும் அதே வகையைச் சேர்ந்தது. 'பவளத்தின் மகள் மின்னல், மின்னலின் மகன் கார்முகில்' என்று அதில் அவள் தமிழில் எழுதுகிறாள். மகள் வழி, மகன் வழி, பாட்டி, பூட்டி என்று உறவுச்சொற்கள் அத்தனையும் அந்தப் பக்கங்களில் வேலை செய்கின்றன.

நிறத்தைப் பற்றியும் ஒரு பாடமே நடத்தலாம். விளையாட்டில் தூரிகை கொண்டு குதிரைக்கு எந்த நிறத்தையும் தீட்டிவிடலாம். இயற்கையில் அப்படி இல்லை. செவலைக்குச் செவலையைச் சேர்த்தால் பிறப்பது செவலையாகத்தான் இருக்கும். மயிலை நிற, அதாவது சாம்பல் நிறக் குட்டி வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது மயிலையாக இருக்க வேண்டும். அதுவும் பிறக்கும்போது கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, மனிதரின் தலைமுடி நரைப்பதுபோல ஆண்டுதோறும் வெளுத்துக்கொண்டே வரும். நாங்கள் 'வெள்ளைக் குதிரை' என்று சொல்லிவந்தவற்றுள் பல, நரைத்து முடித்த மயிலைகளே. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு மரபியலைத் தமிழில் தொடங்கிவைக்க இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியாது.

தயக்கத்துக்கான காரணத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. இத்தீவில் குதிரை என்றதும் பல குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தயச் சீட்டும், சனிக்கிழமை மாலை வெறுங்கையோடு திரும்பிய தகப்பனும்தான். என் உறவிலேயே அப்படிச் சிதைந்த வீடுகள் உண்டு. அதனால் ஓர் ஆசிரியர் இந்தப் பேச்சை வகுப்புக்குள் விட அஞ்சினால் அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் லாயத்துக்குள் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் கட்டுகிறவன் குதிரையை இரண்டு நிமிடம் பார்க்கிறான், வளர்க்கிறவன் விடியற்காலை நான்கு மணியிலிருந்து பார்க்கிறான். என் பேத்தி செய்வது வளர்ப்பு. திரையின் முன் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு எங்கள் வீட்டில் கடிகாரம் இருக்கிறது, அவள் தாயும் இருக்கிறாள்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளைகள் தாம் விரும்பி ஆடும் விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்தால், பொருளை மாற்றாதீர்கள், சொற்களை மட்டும் திருத்திக் கொடுங்கள். பிரெஞ்சுச் சொல்லின் மேல் கோடிட்டு, பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டால் போதும். அடுத்த கட்டுரையில் அது தானே வந்துவிடும். பாடநூல் எழுதுவோர், விலங்குகள் பற்றிய பாடத்தில் ஒரு பக்கமாவது குதிரைக்கு ஒதுக்க வேண்டும். நம் நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகின்றன. அந்தப் பெருமையை நாம் பேசாத நாளில்லை. அதே எழுத்தில் ஒரு பிள்ளை தன் பண்ணைக் கணக்கை எழுதும்போது அதையும் நாம் அதே பெருமையோடு பார்க்க வேண்டும்.

எந்த வகுப்பு அழைத்தாலும் நான் வருகிறேன். பழைய கடிவாளமும், தேய்ப்புத் தூரிகையும், ஒரு தேய்ந்த லாடமும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

பேத்தி திருத்தி எழுதிய கட்டுரையை இம்மடலோடு இணைத்திருக்கிறேன். அது இப்போது மூன்று பக்கம். அதில் இரண்டு அயற்சொற்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன: பொன்னிற உடலும் வெண்ணிறப் பிடரியும் கொண்ட குதிரையைக் குறிக்கும் 'பாலோமினோ', வட்டத்தின் நடுவில் நின்று நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் பயிற்சியைக் குறிக்கும் 'லோஞ்ச்'. இவ்விரண்டுக்கும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கூடி ஆளுக்கொரு சொல் சொல்லட்டும். அவற்றுள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொல்லை அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஒரு குதிரைக்காரன்
போர்ட் லூயி