டிரிப்ஸில் கலக்கும் மருந்துக்கு லேபிள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

அண்மையில் வடசென்னை மருத்துவமனை ஒன்றில் உறவினருக்குத் துணையாக இருந்தேன். வார்டு முழுக்க ஒரே ஒரு நர்ஸ். டிரேயில் மருந்து ஏற்றிய சிரிஞ்சுகள் கிடந்தன. எல்லாமே தண்ணீர்போல நிறமற்றவை. ஒன்றில்கூடப் பெயர் ஒட்டவில்லை. யாரோ கூப்பிட்டதும் பாதியில் எழுந்து போனவர், திரும்பி வந்து அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு நோயாளியின் டிரிப்ஸில் ஏற்றினார். அவரை நான் குறை சொல்லவில்லை. அத்தனை படுக்கைகளையும் ஒருவர் தலையில் கட்டியது நிர்வாகம்தானே?

நரம்பில் ஏறும் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. தவறைத் திருத்த அவகாசமே கிடைக்காது. உடலில் பொட்டாசியம் குறைந்தால் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் செலுத்தினால் இதயமே நின்றுவிடலாம். அதன் அடர் கரைசலைச் சாதாரண வார்டுகளில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை, டிரிப்ஸில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் என்ற திரவத்தில் கலந்தால், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகிவிடும். இதையெல்லாம் அவசரத்தில் ஒருவரே நினைவில் வைத்திருக்க முடியுமா?

கலந்த உடனே நோயாளி பெயர், மருந்து, அளவு, நேரம் எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. ஆபத்தான மருந்துகளை இன்னொருவரும் சரிபார்க்கட்டும். அப்புறம், பெரிய மருத்துவமனைகளிலாவது மருந்தாளுநர் மேற்பார்வையில் கலப்பதற்கென்று தனி அறை வேண்டும். காலியாக உள்ள நர்ஸ் பணியிடங்களையும் சுகாதாரத்துறை உடனே நிரப்ப வேண்டும்.

ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.